வாங்கி வந்த பூ வாடிய பிறகும் ஜெர்பரா பூக்க வேண்டுமா?

கல்யாண மேடை அலங்காரத்திலும் வரவேற்புப் பூங்கொத்திலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று நிமிர்ந்து நிற்குமே, அந்தப் பூவின் பெயர் ஜெர்பரா. டெய்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நர்சரியில் கறுப்புப் பையில் மூன்று நான்கு பூவோடு பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கி வருகிறோம். இரண்டு வாரத்தில் அந்தப் பூக்கள் வாடிவிடுகின்றன. அப்புறம் இலை மட்டும் நிற்கிறது. ஒரு மாதத்தில் அதுவும் துவண்டு, செடியே போய்விடுகிறது. ‘நம் ஊர் வெயிலுக்கு இது வராது’ என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம்.

வரும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது பதினொரு தொட்டி ஜெர்பரா இருக்கிறது. அவற்றில் இரண்டு, நான்காவது ஆண்டாகப் பூக்கின்றன. இந்தப் பதினொன்றுக்கு முன்னால் நான்கு செடிகளைச் சாகவிட்டிருக்கிறேன். அந்த நான்குக்கும் வெயில் காரணம் இல்லை. நான் அணைத்த மண்ணும் மேலிருந்து ஊற்றிய தண்ணீருமே காரணம். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எந்த டெய்சி?

டெய்சி என்ற பெயரில் பல செடிகள் விற்கிறார்கள். ஐரோப்பியப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் சின்ன வெள்ளைப் பூதான் முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்ளும் பூ என்பதால், ‘பகலின் கண்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லால் அழைத்தார்கள். விதைப் பாக்கெட்டுகளில் நாம் அதிகம் பார்க்கும் பெரிய வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூ ஷாஸ்தா டெய்சி. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் நான்கு இனங்களைக் கலந்து பல ஆண்டு உழைத்து உருவாக்கி, 1901இல் வெளியிட்டது அது. பனி மூடிய ஷாஸ்தா மலையின் பெயரையே அதற்கு வைத்தார். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருந்தால் அதைத் தாராளமாக வளர்க்கலாம். குளிர் கண்டால்தான் அதற்கு மொட்டு வைக்கத் தோன்றும். சமவெளியில் இலைதான் மண்டும். படத்தைப் பார்த்து விதை வாங்கி ஏமாறாதீர்கள்.

ஜெர்பராவுக்கு அந்தக் குளிர் தேவையில்லை. அதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்குள்ள பார்பர்டன் என்ற ஊரின் பெயரால் பார்பர்டன் டெய்சி என்றும் சொல்வார்கள். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும் மண்ணில் வளர்ந்து பழகிய செடி. நம் பக்கத்தில் ஓசூர், நீலகிரி, ஏற்காடு வட்டாரங்களில் பசுமைக்குடில் போட்டு வளர்த்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் கோடை மூன்று மாதம் பூ குறைந்து நின்றாலும், மற்ற மாதங்களில் தொட்டியில் பூக்க வைக்க முடியும்.

செடி வாங்கும்போது

இரண்டு வகை உண்டு. வெட்டுப்பூவுக்காக வளர்ப்பது ஒன்று. அதன் காம்பு ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை உயரும். மற்றது தொட்டிக்கென்றே உருவாக்கிய குட்டை வகை. காம்பு ஒரு அடியைத் தாண்டாது. மாடிக்காற்றில் நெட்டைக் காம்பு ஒடிந்து தொங்கும். எனவே முதல் செடி குட்டை வகையாக இருக்கட்டும்.

வாங்க ஏற்ற காலம், ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு கார்த்திகையிலிருந்து தை வரை. அப்போது வாங்கினால் கோடை வருவதற்குள் வேர் ஊன்ற நான்கு மாதம் கிடைக்கும். பங்குனியில் வாங்கினால் வந்த மறுமாதமே அக்கினி நட்சத்திரத்தைத் தாங்க வேண்டிய நிலை அதற்கு.

நர்சரியில் எல்லோரும் பூ அதிகமுள்ள செடியைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் பூவைப் பார்க்காதீர்கள். இலைகளை இரண்டு கையாலும் விலக்கி நடுவைப் பாருங்கள். இலைக் காம்புகள் எல்லாம் ஒன்றுகூடும் அந்த இடத்தைத்தான் செடியின் கழுத்து என்கிறேன். அங்கே இளம்பச்சை நிறத்தில், மெல்லிய ரோமம் படர்ந்து, இரண்டு மூன்று குருத்து இலைகள் சுருண்டு நிற்க வேண்டும். பட்டாணி அளவில் ரோமம் மூடிய உருண்டை தெரிந்தால் அது வரப்போகும் மொட்டு. விரிந்த பூ நான்கும், உள்ளே மொட்டே இல்லாததுமாக ஒரு செடி. விரிந்த பூ ஒன்றும், உள்ளே மூன்று பட்டாணியுமாக இன்னொன்று. இரண்டாவதையே எடுங்கள். கழுத்தில் பழுப்பு நிறமோ ஈரப்பிசுபிசுப்போ இருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

விதையிலிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்பரா விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். கலப்பினச் செடியிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போன்ற பூவைத் தராது. ஒரு செடியை இரண்டு ஆண்டு வளர்த்துப் பழகிய பிறகு விதையைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நட அவசரப்பட வேண்டாம். குடிலின் இதமான சூழலிலிருந்து வந்த செடி. ஒரு வாரம் நிழலில், காற்றோட்டமான இடத்தில் அப்படியே பையோடு வையுங்கள்.

தொட்டியும் மண்ணும்

எட்டு முதல் பத்து அங்குல வாயுள்ள மண்தொட்டி போதும். ஜெர்பராவின் வேர் தடித்து ஆழமாக இறங்கும் என்பதால், அகலத்தைவிட ஆழம் முக்கியம். பெரிய செடியாகட்டும் என்று முதலிலேயே பதினைந்து அங்குலத் தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும். பிளாஸ்டிக் தொட்டியென்றால் அடியில் ஐந்தாறு துளைகளாவது வேண்டும். அடித்தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

மண் கலவைக்கு என் கணக்கு இது: செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, நெல் உமி ஒரு பங்கு. இதில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், ஒரு மேசைக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்துகொள்கிறேன். டிரைக்கோடெர்மா வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை. வேளாண் இடுபொருள் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். உமி மண்ணை இறுகவிடாது. பசுமைக்குடில் பாத்திகளிலும் அதைச் சேர்க்கிறார்கள்.

தென்னை நார்க்கழிவை வாங்கியபடியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஒரு வாளி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, இப்படி இரண்டு மூன்று முறை அலசிய பிறகு பயன்படுத்துங்கள்.

கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் உள்ளே இறங்கி அடியில் சொட்ட வேண்டும். மேலே குளம்போல நின்றால் இன்னும் உமி சேர்க்க வேண்டும்.

நடுவது: கழுத்தை மூடாதீர்கள்

இந்த ஒரு இடத்தில் கவனமாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மற்ற செடிகளை நடும்போது தண்டு ஆடாமல் இருக்க மண்ணை அணைத்து அழுத்துகிறோம். ஜெர்பராவில் அந்தப் பழக்கம் செடியைக் கொன்றுவிடும். கழுத்தில் மண் மூடினால் ஈரம் அங்கே தங்கும், பூஞ்சை புகும், குருத்து அழுகும். நான் இழந்த நான்கு செடிகளையும் இப்படித்தான் நட்டிருந்தேன். துவளும்போதெல்லாம் தண்ணீர் போதவில்லை போலும் என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் ஒரு இலையைத் தொட்டால் முழுக் காம்போடு கையில் வந்தது. அடி பழுப்பாகிக் கூழாகியிருந்தது.

சரியாக நடும் முறையைச் சொல்கிறேன்.

1. நடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, செடியைப் பையோடு ஒரு வாளித் தண்ணீரில், வேர்ப்பகுதி மட்டும் மூழ்க வைத்து எடுங்கள். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் வெறும் தென்னை நாரில் வளர்ந்தவை. அது காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை வாங்காது.

2. பையைக் கிழித்து எடுங்கள். செடியை இலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வேர்க்கட்டியைக் கலைக்க வேண்டாம். இந்தச் செடிக்கு வேரைத் தொந்தரவு செய்வது பிடிக்காது.

3. தொட்டியின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரை மண் நிரப்பி, நடுவில் சிறு மேடு செய்யுங்கள். அந்த மேட்டில் குழி எடுத்து, கழுத்து மண் மட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி செடியை வையுங்கள்.

4. சுற்றிலும் மண்ணைத் தளர்வாகப் போட்டு விரலால் மெல்லத் தட்டுங்கள். செடி கொஞ்சம் ஆடும், ஆடட்டும். பத்து நாளில் வேர் பிடித்ததும் நின்றுகொள்ளும்.

5. தொட்டியின் ஓரமாக, வட்டமாகத் தண்ணீர் விடுங்கள். மண் படிந்து கழுத்து மேலும் வெளியே தெரிந்தால் கவலை இல்லை. பள்ளத்தில் இறங்கிவிட்டால் செடியை உடனே எடுத்து மறுபடி நடுங்கள்.

பார்ப்பதற்கு அரைகுறையாக நட்டதுபோல இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ‘இன்னும் கொஞ்சம் மண் போடக்கூடாதா?’ என்று கேட்பார்கள். போடக்கூடாது.

முதல் மொட்டுகளைக் கிள்ளும் மனம்

நட்ட இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே ஒரு மொட்டு எட்டிப் பார்க்கும். அதைக் கிள்ளிவிடுங்கள். இதைச் சொல்லும்போது எல்லோருடைய முகமும் வாடுகிறது. எனக்கும் முதல் முறை கை வரவில்லை. ஆனால் வணிகமாக வளர்க்கும் குடில்களில் நட்ட முதல் இரண்டு மாதம் வரும் மொட்டுகளை எடுத்துவிடுவதுதான் வழக்கம். வேரும் இலையும் உருவாக வேண்டிய நேரத்தில் பூ விட்டால் செடி பலம் இழந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நல்ல இலைகள் வந்த பிறகு பூக்க விட்டால், அடுத்தடுத்து மொட்டு விடத் தெம்பு இருக்கும். ஒரே மாதிரி இரண்டு செடிகள் வாங்கி, ஒன்றில் கிள்ளி ஒன்றில் விட்டுப் பார்த்தேன். கிள்ளாததில் மூன்று பூ வந்து, பிறகு மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. கிள்ளியது தை பிறந்ததும் பூக்கத் தொடங்கி, சித்திரை வரை ஓயவில்லை.

தண்ணீர்

தினமும் ஒரு குவளை என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். மார்கழியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதுமாக இருக்கும். சித்திரையில் காலையும் மாலையும் தேவைப்படலாம். எப்போதும் காலையில் ஊற்றுவது நல்லது. இரவில் இலையிலும் கழுத்திலும் ஈரம் இருக்கக் கூடாது. ஹோஸ் பைப்பால் மேலிருந்து பீய்ச்சுவதை அடியோடு நிறுத்துங்கள்.

நடுப்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு. மண் ஈரமாக இருந்தும், காலையிலேயே துவண்டிருந்தால் அழுகல். துவண்டதைக் கண்டதும் குவளையைத் தேடாமல், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீரின் தரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும். மோட்டார் போட்டால் போர்வெல் தண்ணீர், நல்ல உப்பு. இரண்டாம் ஆண்டு கோடையில், வீட்டுக்கே தண்ணீர் பற்றவில்லை என்று செடிகளுக்கு முழுக்கப் போர்வெல் தண்ணீரை விட்டேன். ஒன்றரை மாதத்தில் புது இலைகள் எல்லாம் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விட்டது என்று பொருள் இல்லை. கடினத் தண்ணீரால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது. ஜெர்பராவுக்கு மண்ணின் கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5க்குள் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் அன்னபேதி உப்பும் (இரும்புச் சத்து தரும் ஃபெரஸ் சல்பேட்) சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, மாலை நேரத்தில் இலையில் தெளித்தேன். வாரம் ஒன்றாக மூன்று முறை. புது இலை பச்சையாக வந்தது. இப்போது மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, மாதம் இரண்டு முறை தொட்டி வடிய வடிய அதை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுகிறேன்.

பொட்டாஷ் கிடைக்கும் என்று விறகுச் சாம்பல் போடுபவர்கள் இருக்கிறார்கள். மற்ற செடிகளுக்குப் போடுங்கள். சாம்பல் காரத்தன்மையை ஏற்றும், ஜெர்பராவுக்கு வேண்டாம்.

வெயில்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் இலை நீண்டு பெருக்கும், மொட்டு வராது. வீட்டுக்குள் வரவேற்பறையில் வைத்து அழகு பார்த்தால் இதுதான் நடக்கும். மாசி முடிவிலிருந்து ஆனி வரை, பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலையின் கீழ் வையுங்கள், அல்லது கிழக்குச் சுவரின் ஓரம் கொண்டுபோய் வையுங்கள். மொட்டை மாடித் தளத்தின் சூடு தொட்டியில் ஏறாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பது பெரிய உதவி. அந்த மாதங்களில் பூ சிறுத்தும் குறைந்தும் வரும். உரத்தைக் கூட்டி அதை விரட்டாதீர்கள், செடி ஓய்வெடுக்கிறது.

உரம்

மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், கழுத்தில் படாமல் தொட்டி ஓரத்தில். இதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஊற்றலாம். பூக்கும் காலத்தில் அதற்குப் பதிலாக சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிகமுள்ள 13:0:45 உரம் அதே அளவில். இயற்கை முறையில் மட்டும் வளர்ப்பவர்கள் பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து கொடுக்கிறார்கள். அதிலும் நன்றாகவே பூக்கிறது. காய்ந்த மண்ணில் எந்த உரத்தையும் ஊற்றாதீர்கள். இலை கரும்பச்சையாக, முறம்போலப் பெரிதாகி, பூ மட்டும் இல்லை என்றால் தழைச்சத்து கூடிவிட்டது என்று பொருள். இரண்டு மாதம் உரமே வேண்டாம்.

பூத்த பூவை எடுப்பது

மீண்டும் மீண்டும் பூக்க வைக்கும் வேலையில் முக்கியமானது இதுதான்.

ஜெர்பராவின் ஒரு பூ உண்மையில் ஒரு பூ இல்லை. ஓரத்தில் இதழ்போல நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப்பூ. நடுவட்டத்தில் குண்டூசித் தலைபோல நெருக்கமாக இருப்பவையும் தனித்தனிப் பூக்கள். மலர்ந்த முதல் நாள் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: நடுவட்டம் முழுக்க மூடியிருக்கும். அடுத்தடுத்த நாட்களில் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக அவை திறக்கும். மஞ்சள் மகரந்தம் ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும். அந்த வளையம் மையத்தை நெருங்கிவிட்டால் பூவின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு செடி தன் சக்தியை விதைக்கு அனுப்பப் பார்க்கும். நாம் முந்திக்கொண்டு பூவை எடுத்துவிட்டால், அந்தச் சக்தி அடுத்த குருத்துக்குப் போகும்.

எடுப்பதிலும் முறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓசூர் பக்கம் ஒரு பசுமைக்குடிலுக்குப் போயிருந்தேன். பறிக்க ஆசைப்பட்டுக் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண் ஓடிவந்து தடுத்தார்.

“கத்தரிக்கோல் வேண்டாம் அக்கா. வெட்டினால் மிச்சக் காம்பு உள்ளே நின்று அழுகும். அடியில் பிடித்து, சாய்த்து இழுங்கள்.”

அவரே செய்துகாட்டினார். இடது உள்ளங்கையால் இலைகளை ஒதுக்கிச் செடியை மெல்ல அமர்த்திக்கொண்டார். வலது கை விரல்களைக் காம்பின் வழியே கீழே இறக்கி, கழுத்துக்கு அருகில் பிடித்தார். ஒரு பக்கம் சாய்த்து, இலேசாகத் திருகி, ஒரே இழுப்பு. ‘டப்’ என்று ஒரு சிறு சத்தம். காம்பின் அடியில் வெளுத்த குதிகால் போன்ற பகுதியோடு முழுதாக வந்தது. கழுத்தில் சுத்தமான சிறு தழும்பு மட்டும். பக்கத்தில் அதற்கு முன்பு யாரோ வெட்டிவிட்டிருந்த ஒரு செடியையும் காட்டினார். குழல்போன்ற காம்பின் மிச்சத்தில் தண்ணீர் தேங்கி, கறுத்து, அந்தக் கறுப்பு பக்கத்துக் குருத்துக்கு இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து ஜெர்பராவுக்குக் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. இளஞ்செடியில் மட்டும் இழுக்கும்போது வேரோடு வந்துவிடாமல், மற்றொரு கையால் அடியை அமர்த்திக்கொள்ளுங்கள். காலையில், செடி நீர் குடித்து விறைப்பாக இருக்கும்போது, காம்பு எளிதாகக் கழன்று வரும்.

செடியிலேயே வாட வேண்டும் என்பதில்லை. நடுவட்டத்தில் வெளிவரிசை இரண்டு மூன்று திறந்ததும் எடுத்துக் குவளையில் வைக்கலாம். காம்பின் கெட்டியான அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி நீக்கினால்தான் காம்பு தண்ணீர் குடிக்கும். குவளையில் நான்கு விரல் உயரத் தண்ணீர் போதும். காம்பு முழுக்க மூழ்கினால் அழுகித் தலை சாயும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். என் மாமியாருக்கு முதலில் இந்தப் பூ மேல் மதிப்பு இல்லை. “மணமும் இல்லை, தொடுத்துத் தலையில் வைக்கவும் முடியாது” என்பார். இப்போது சாப்பாட்டு மேசைக் குவளைக்குத் தண்ணீர் மாற்றுவது அவர்தான்.

பூவோடு பழைய இலைகளையும் கவனியுங்கள். அடியில் மஞ்சளாகி மண்ணைத் தொடும் இலைகளை அதே முறையில் சாய்த்து இழுத்து எடுங்கள். கழுத்துக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்தால் உள்ளே தூங்கும் மொட்டுகள் எழும். ஒரே நாளில் எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள். வாரம் ஒன்றிரண்டு போதும். பூவை எடுத்த பின் புது இலை வரும், அதன் பிறகே புது மொட்டு வரும். அந்த இடைவெளியில் பொறுமை வேண்டும். பட்டாணி அளவில் மொட்டைப் பார்த்த நாளிலிருந்து பூ விரிய எனக்கு மூன்று நான்கு வாரம் ஆகிறது.

நோயும் பூச்சியும்

மார்கழி, தையில் இலையில் வெள்ளை மாவு தூவியதுபோல வருவது சாம்பல் நோய். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் கண்ட இலையைக் கிள்ளி எறியுங்கள். பரவிவிட்டால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயில் கடுமையான நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும், அப்போது வேண்டாம்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தொட்டியைக் காயவைத்துவிடும். அந்த வறட்சியில் செஞ்சிலந்தி வரும். இலை மேல் மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பட வேண்டும், ஆனால் கழுத்தில் தேங்கக் கூடாது. அதனால் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, அடியிலிருந்து பீய்ச்சிக் கழுவி, சாய்த்தபடியே வடியவிட்டு நிமிர்த்துகிறேன். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அசுவினி, வெள்ளை ஈக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு. இலையில் பாம்புபோல வெள்ளைக் கோடு ஓடினால் அந்த இலையைக் கிள்ளி எறிவதே போதும்.

அடைமழை நாட்களில் மருந்தைவிட இடமாற்றம் பெரிது. தொட்டிகளை மழை நேரே விழாத பால்கனிக்குள் இழுத்துவிடுங்கள்.

பக்கத்தில் சாமந்தியும் இருந்தால்

சாமந்தியும் இதே குடும்பம்தான். ஆனால் பூக்க வைக்கும் கணக்கு வேறு. அது இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். அதனால் தெருவிளக்கோ மாடி விளக்கோ இரவெல்லாம் படும் இடத்தில் வைத்த சாமந்தி, உரம் எவ்வளவு போட்டாலும் பூக்காமல் இலையாகவே நிற்கும். தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும். பூத்து முடிந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து வரும் பக்கக் கன்றுகளை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். சாமந்திக்குக் கத்தரிக்கோல் பிடிக்கலாம்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரிப்பது

ஜெர்பரா நன்றாக வளர்ந்தால் ஒரு கழுத்து நாலைந்தாகப் பெருகி நெருக்கியடிக்கும். இலை நிறைய இருந்தும் பூ சிறுத்து, குறைந்து வருவது அதன் அடையாளம். ஆடிக் காற்று அடங்கிய பிறகு, அடைமழைக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் இதைச் செய்கிறேன். முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் செடியை மண்ணோடு தட்டி எடுத்து, மண்ணை உதிர்த்தால் எது எங்கே பிரிகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குருத்தும் நான்கைந்து தடித்த வேர்களும் இருக்கும்படி கையால் பிரியுங்கள். பிரியாத இடத்தில் மட்டும் சுத்தமான கத்தி. பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, நடுவில் இருக்கும் இளங்குருத்தைத் தொடாமல், மிக நீண்ட வேர்களைக் கொஞ்சம் குறைத்து, அரை மணி நேரம் நிழலில் வெட்டுக்காயம் உலரட்டும். பிறகு புதுக் கலவையில், முன்பு சொன்னதுபோலவே, கழுத்து வெளியே தெரிய நடுங்கள். பத்து நாள் நிழல், பிறகு காலை வெயில்.

பிரித்த கன்றிலும் மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு மொட்டு எட்டிப் பார்க்கும். போன ஆண்டு பக்கத்து வீட்டுக்கு இரண்டு கன்றுகள் கொடுத்திருந்தேன். மொட்டு வந்த அன்று காலையிலேயே, விரலால் ஒரு இலையை ஒதுக்கிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பி, ‘அக்கா, இதையும் கிள்ள வேண்டுமா?’ என்று கேட்டிருந்தார் அந்த வீட்டுப் பெண். ஆமாம், இதையும் கிள்ளுங்கள் என்று எழுதினேன். மார்கழியில் அவர் அனுப்பிய படத்தில் ஒரே தொட்டியில் ஐந்து பூ.